செல்லாக்காசு

மோர்ஸ் தீவில் பார்லி அறுத்தாயிற்று.
நாலு மணிக்கு மட்டி ஆலை விட்டதும்
ரிக்மோர் நேரே வயலுக்கு வருகிறாள்,
கையில் கடல்வாடை, காதில் ஹெட்போன்.
தாளடிக்கு இரண்டு விரற்கடை மேலே
வலம் இடம் வலம் இடம்
டிடெக்டரின் வட்டத் தலை.

இரும்பு என்றால் உறுமும்.
ஈயம் இழுத்து இழுத்துப் பேசும்.
பீர் மூடிக்கு ஒரு பொய்க்குரல் உண்டு,
வெள்ளி மாதிரியே கூப்பிட்டுக்
குனிந்ததும் பல்லிளிக்கும்.
ஏழு வருஷத்தில் அவள் இடுப்பு
வணங்காத மூடி இல்லை.

போன செப்டம்பரில்
இங்கேதான் ஒரு கீச்சு.
முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கேட்பது போல.
ஒன்றரைச் சாண் ஆழம், களிமண்.
விரலால் வழித்தால் நகத்தளவு காசு.
ஒரு பக்கம் சிலுவை,
மறுபக்கம் மூக்கு மட்டும் மிஞ்சிய ராஜா,
விளிம்பில் கத்தி கீறிய வடு.
உட்கார்ந்துவிட்டாள்.
மழை பிடித்ததே
வீட்டுக்குப் போனபின்தான் தெரிந்தது.

மண்ணுக்குள் கிடைக்கும் பொன்னும் வெள்ளியும்
அந்த நாட்டில் அரசுக்குச் சேரும்.
அதற்கொரு பழஞ்சொல் வைத்திருக்கிறார்கள்,
பிரித்தால் 'செத்தவர் மாடு' என்று வரும்.
செல்வத்துக்கு மாடென்று பேர்வைத்தது
நாம் மட்டும்தான் என்றிருந்தேன்.
செத்தவர் மாட்டைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து
அருங்காட்சியகத்துக்கு ஓட்டிப் போனாள் ரிக்மோர்.

பதில் வரப் பதினோரு மாதம்.
வெள்ளி அல்ல.
செம்பின்மேல் வெள்ளித்தோல்.
அந்தக் காலத்துக் கள்ளக்காசு,
கத்தியால் சோதித்திருக்கிறார்கள்.
நன்றி.

வயல்காரர் எய்வின்ட் டிராக்டரில் இருந்தபடியே சிரித்தார்.
"ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவனிடம்
ஏமாந்த ஒரே ஆள் நீதான்."
அவளும் சிரித்தாள்.

மறுநாள் ஆலையில்,
வாய்பிளந்த மட்டிகளைத் தட்டிப் பார்த்து
மூடாததை ஒதுக்கும் வரிசையில்,
கை நின்றது.
இதுவரை எடுத்ததெல்லாம் தொலைந்தவை.
பையில் ஓட்டை, குடித்த நடை, ஏதோ அவசரம்.
இது தொலையவில்லை.
மீனோ மாவோ கொடுத்து இதை வாங்கியவன்
கத்தி வைத்திருக்கிறான். சிவப்பு தெரிந்திருக்கிறது.
பிறகு
எறிந்திருக்கிறான்.

எறிந்தான் என்றால், எங்கே நின்று?

ஆகவேதான் இன்றைக்கு ரிக்மோர்
போனில் குறித்து வைத்த புள்ளியைப் பார்த்துத்
தள்ளித் தள்ளி நின்று
நடுவில் ஓட்டையுள்ள ஐந்து குரோன் காசை வீசுகிறாள்.
ஒரு தரம் சும்மா.
ஒரு தரம் காற்றுக்கு எதிரே.
போதவில்லை, இதற்குக் கோபம் வேண்டும்.
மேஸ்திரியை நினைக்கிறாள். எட்டவில்லை.
எண்ணூறு குரோன் கைமாற்று வாங்கி
ஓல்போருக்குக் கம்பி நீட்டிய
தங்கை புருஷனை நினைக்கிறாள்.
காசு பறக்கிறது.

"அடி மட்டி, உழவு இழுத்திருக்கும்!"
எய்வின்ட் கத்துகிறார்.
"என் கலப்பையே முப்பது வருஷமாய் இழுக்கிறது!"
தெரியும் என்று கையை ஆட்டுகிறாள்.
தெரிந்துதான் எட்டு எண்ணுகிறாள்.

நாற்பத்தோராவது எட்டில் ஒரு மேட்டு விளிம்பு.
கீழே ஃபியோர்டின் தண்ணீர்.
படகு கட்டத் தோதான இடம்.
ஏமாற்றியவன் துடுப்புப் போட்டுப் போவதைப்
பார்த்துக்கொண்டு நிற்கவும்
தோதான இடம்.
கருவியை இறக்குகிறாள்.
ஓர் ஆணி உறுமுகிறது.
அப்புறம் ஒன்றுமில்லை, காற்றுத்தான்.

இருட்டுகிறது.
தன் ஐந்து குரோனைத் தேடிப் போகிறாள்.
விழுந்தது கண்ணால் பார்த்த இடம்தான்,
இதோ, இந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம்.
வலம் இடம் வலம் இடம்.
ஒரு பீர் மூடி.
இன்னொரு பீர் மூடி.

எய்வின்ட் ஒன்றும் சொல்லாமல்
டிராக்டரைத் திருப்பி
விளக்கைப் போடுகிறார்.